பழைய ஃபோர்டுக்கு டியூப்: அளவைவிட மவுத்தைப் பார்த்து வாங்குங்கள்

ஃபோர்டு மாடல் ஏ-யில் 1928, 29 வண்டிகளுக்கு 4.50-21 டயர், 1930, 31 வண்டிகளுக்கு 4.75-19. இந்த எண்ணைச் சொன்னால் பழைய கார் டயர் விற்பவர்களிடம் டியூப் கிடைத்துவிடும். ஆனால் டியூபின் மவுத், அதாவது காற்றடிக்கும் வால்வுத் தண்டு, ரிம் துளைக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல டியூபும் அதன் அடியில் கிழிந்துபோகும். வாங்குமுன் ரிம் துளையை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துவிடுங்கள்.

துளை ஏறத்தாழ 11.5 மி.மீ. என்றால் டிஆர் 13 ரப்பர் மவுத். எளிதில் கிடைப்பது இதுதான். 15.7 மி.மீ. என்றால் அடிப்பகுதி தடித்த டிஆர் 15. பெரிய துளையில் டிஆர் 13-ஐ அப்படியே மாட்டினால் மவுத் ஆடும். துளையின் விளிம்பு ரப்பரை அறுத்துக்கொண்டே இருக்கும். இடைவெளியை அடைக்க இதற்கென்று புஷ் என்ற வளையம் விற்கிறார்கள், அதுவும் வேலை செய்யும். ஆனாலும் டிஆர் 15 கிடைக்கும்போது புஷ்ஷைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மரச் சக்கரம் உள்ள மாடல் டி-க்கு ரப்பர் மவுத் சரிவராது. மர வளையத்தின் தடிமனைத் தாண்டி வெளியே வர நீளமான உலோக மவுத்தான் வேண்டும். பார்வைக்கும் அதுவே அந்தக் காலத்துக்குரியது. அதன் நட்டை முறுக்கித் தள்ளுவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படி முறுக்கினால் மவுத்தின் அடி ரப்பர் துளைக்குள் இழுபட்டுக் கிழியும். காற்றடிக்கும்வரை நட்டைத் தளர்வாக விட்டு, டியூப் உட்கார்ந்தபின் ரிம்மைத் தொடும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும்.

துளை ரிம்மின் நடுவில் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்பதையும் சொல்லி வாங்குங்கள். இது மாறினால் டியூப் உள்ளே முறுக்கிக்கொள்ளும்.

ரப்பரில் எங்கள் தேர்வு பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். இயற்கை ரப்பர் டியூபில் பஞ்சர் ஒட்டுவது எளிது, ஆனால் காற்று சீக்கிரம் இறங்கும். மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு அது ஒத்துவராது. ரேடியல் டயர் போட்டிருந்தால் ரேடியலுக்கென்றே செய்த டியூப் வேண்டும். அந்த டயரின் பக்கச்சுவர் அதிகம் மடங்கி விரிவதால் சாதா டியூப் ஒட்டுவாயில் விட்டுவிடும்.

மாட்டுமுன் டயரின் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். புது டயரில் ஒட்டியிருக்கும் காகித ஸ்டிக்கர்கூட டியூபை உரசியே ஓட்டையாக்கும். அதை உரித்துவிட்டு, ரிம் துருவை உப்புத்தாளால் தேய்த்து, டால்க் பவுடர் தூவுங்கள். மாடல் ஏ சக்கரத்தில் கம்பிகள் ரிம்மோடு பற்றவைக்கப்பட்டவை. ஆனால் எம்ஜி டிசி என்ற பழைய பிரிட்டிஷ் கார் போல, கம்பிகளை நிப்பிள் என்ற சிறு நட்டால் ரிம்மில் பூட்டிய சக்கரமானால், நிப்பிள் தலைகளை மூடும் ரிம் டேப் கட்டாயம்.

டியூபுக்கு வடிவம் வரும் அளவு மட்டும் காற்று விட்டு உள்ளே வையுங்கள். பிறகு முழுதாக அடித்து, மவுத்துக்குள் இருக்கும் வால்வு பின்னைக் கழற்றி மொத்தக் காற்றையும் இறக்கி, மறுபடி அடியுங்கள். மடிப்பு இருந்தால் இதில் நீங்கிவிடும்.

மாடல் ஏ-க்கு 35 பிஎஸ்ஐ, மாடல் டி-யின் கிளிஞ்சர் டயருக்கு (ஓரம் ரிம்மின் மடிப்பில் கொக்கிபோல் மாட்டும் டயர்) 55 முதல் 60. கிளிஞ்சரில் காற்று குறைந்தால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபையும் இழுத்துப் போகும். மவுத் சாய்ந்து நிற்பதைக் கண்டால் அன்றே காற்றை இறக்கி நேராக்கிவிடுங்கள்.