கான்ஸ்டிட்யூஷன் ஹில், ஜோகன்னஸ்பர்க்: ஒரு மணி நேர டிக்கெட் போதாது

தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு பழைய சிறை வளாகத்துக்குள் இருக்கிறது. விசாரணைக் கைதிகளை அடைத்து வைத்திருந்த கட்டடத்தை இடித்தார்கள். அதன் செங்கற்களையே எடுத்து நீதிமன்றத்தைக் கட்டினார்கள். படிக்கட்டுக் கோபுரங்கள் நான்கையும் மட்டும் இடிக்காமல் விட்டார்கள். சிறையைப் பூசி மறைக்கவும் இல்லை, சிறையோடு நின்றுவிடவும் இல்லை. இந்த இடம் பார்க்கத் தகுந்ததாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

வழிகாட்டியோடு ஒரு மணி நேரச் சுற்றும் உண்டு, இரண்டு மணி நேரச் சுற்றும் உண்டு. இரண்டாவதையே எடுங்கள். சிறியதில் பெண்கள் சிறை விடுபடும் அல்லது ஓட்டமாக முடியும். நீதிமன்றத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அங்கே போனால் அழகான நவீனக் கட்டடம் ஒன்றைப் பார்த்ததாகத்தான் இருக்கும். அந்தச் செங்கல் எங்கிருந்து வந்தது என்பது உறைக்காது.

தொடங்க வேண்டிய இடம் நம்பர் ஃபோர். கறுப்பின ஆண்களின் சிறை, 1983இல் மூடப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் கொலையோ கொள்ளையோ செய்தவர்கள் அல்லர். பாஸ் எனப்பட்ட நடமாட்டச் சீட்டு கையில் இல்லாமல் தெருவில் பிடிபட்டவர்கள். சுமார் முப்பது பேருக்கான கூடத்தில் அறுபது பேருக்கும் மேல் படுத்தார்கள். சாப்பாடு வாங்கிய முற்றத்துக்குப் பக்கத்திலேயே திறந்த கழிப்பிடம். தனிமைக் கொட்டடிகளுக்குக் கைதிகள் வைத்த பெயர் ‘எமகுலுகுது’, ஆழ்ந்த இருட்டுக் குழி என்று பொருள். கதவைச் சாத்தி உள்ளே சில விநாடி நில்லுங்கள். ஒரு நாளில் 23 மணி நேரம் அங்கேதான்.

வேலைக்குப் போய்த் திரும்பும் கைதிகள் நிர்வாணமாகத் துள்ளிக் குதித்து, கைதட்டி, உடம்பில் எதையும் ஒளிக்கவில்லை என்று காட்ட வேண்டும். ‘டவ்சா’ என்பார்கள். 1954இல் டிரம் இதழுக்காக பாப் கொசானி பக்கத்துக் கட்டடத்தின் மேலிருந்து எடுத்த படம்தான் இதை வெளியுலகுக்குக் காட்டியது. அது நடந்த முற்றத்தை வழிகாட்டி ஒரு வரியில் தாண்டிவிட்டால், நிறுத்திக் கேளுங்கள்.

உணவுப் பகுதியை நிதானமாகப் பாருங்கள். சோறு இனம் பார்த்துத்தான் அளக்கப்பட்டது. மண்டேலா பல்லாண்டு அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறையின் பட்டியலோடு சேர்த்து நினைத்தால் இன்னும் தெளிவாகும்: கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் இறைச்சி 6 அவுன்ஸ், கறுப்பர்களுக்கு 5, சர்க்கரை 2 அவுன்ஸ், அவர்களுக்கு ஒன்றரை, ஜாம் 1 அவுன்ஸ், அவர்களுக்கு இல்லை. ஒரே சுவருக்குள் கிடந்தவர்களை அரை அவுன்ஸ் சர்க்கரையால் பிரித்திருக்கிறார்கள். நிறவெறியைப் பற்றி நூறு பக்கம் படித்தாலும் கிடைக்காத புரிதல் இந்த அரை அவுன்ஸில் கிடைக்கும்.

காந்தி கண்காட்சி நம்மவர்கள் கூடும் இடம். 1908 ஜனவரியில், ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்து அவர் முதன்முதலாகச் சிறை சென்றது இங்கேதான். ஜோகன்னஸ்பர்க் தமிழர்களின் தலைவர் தம்பி நாயுடுவும் உடன் இருந்தார். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். கறுப்பர்களோடு ஒரே வகுப்பில் தங்களைச் சேர்த்ததைத் தாங்க முடியவில்லை என்று அந்தச் சிறையனுபவத்தைப் பற்றிக் காந்தியே அப்போது எழுதியிருக்கிறார். அவர் பின்னாளில் மாறினார் என்பது உண்மை. அப்படி எழுதினார் என்பதும் உண்மை. அடுத்தவர் நாட்டின் அநியாயத்தைப் பார்க்க வந்த நாம் நம் பக்கத்து வரியை மட்டும் தாண்டிப் போவது முறையாகாது. வழிகாட்டியிடம் இதைக் கேளுங்கள்.

ஓல்டு ஃபோர்ட்டில் விரைவாக நடக்கலாம். 1890களில், அன்றைய டிரான்ஸ்வால் குடியரசின் க்ரூகர் அரசு கட்டிய சிறையும் கோட்டையும்; பிறகு வெள்ளையருக்கான சிறை. 1962இல் மண்டேலாவை வைத்திருந்த மருத்துவப் பகுதி மட்டும் முக்கியம். பெண்கள் சிறைக்குக் குறைந்தது அரைமணி. 1976இல் இங்கே அடைக்கப்பட்ட ஃபாத்திமா மீர், சிறை வாழ்க்கையை வரைந்து வெளியே கடத்தினார். பாலினச் சமத்துவ ஆணையத்தின் அலுவலகம் இந்த வளாகத்தில் வந்தது தற்செயல் இல்லை.

பிறகு செங்கல் படிகளில் நடங்கள். ஒரு பக்கம் நம்பர் ஃபோரின் கல் சுவர், மறுபக்கம் நீதிமன்றத்தின் கண்ணாடி. கட்டடம் திறக்கப்பட்டது 2004 மார்ச் 21. நிறவெறிக் காலத்தில், 1960இல், ஷார்ப்வில் நகரில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே தேதியில்தான். வாசல் மரக்கதவில் அரசியலமைப்பு தரும் உரிமைகள் 27ம் செதுக்கப்பட்டிருக்கின்றன, சைகை மொழியிலும். உள்ளே நீண்ட ஒடுங்கிய சன்னல் வழியே வெளியில் போகிறவர்களின் கால்கள் தெரியும். நீதிபதிகள் மக்களுக்கு மேலே உட்காரவில்லை என்பதற்காக அப்படி வடிவமைத்தார்கள்.

ஓவியத் தொகுப்பில் ஜூடித் மேசனின் நீல உடையைத் தேடிப் பாருங்கள். காவல்துறையினர் நிர்வாணமாக அடைத்து வைத்துச் சுட்டுக் கொன்ற நிறவெறி எதிர்ப்புப் போராளி ஃபிலா ந்ட்வாண்ட்வே, ஒரு பிளாஸ்டிக் பையால் தன் உடலை மறைத்துக்கொண்டார். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தில் இது வெளிவந்ததைக் கேட்ட ஓவியர், நீலப் பைகளைப் பொறுக்கித் தைத்த உடை இது. அந்த ஆணையத்திடம் மன்னிப்புக் கேட்டு வந்த மனுக்கள் 7,000க்கும் மேல். மன்னிப்புக் கிடைத்தது 849க்கு. மறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மேல் வழக்கே வரவில்லை. இந்தக் குறையை மனத்தில் வைத்தே நீதிமன்றத்தைப் பாருங்கள். இதே நீதிமன்றம்தான், இந்தக் கட்டடத்துக்கு வருமுன்பே, 1995இல் மரண தண்டனையை ஒழித்தது. சிறுவயதில் ராபன் தீவில் பத்தாண்டு கிடந்த டிக்காங் மொசெனெகே பின்னர் இங்கே துணைத் தலைமை நீதிபதியாக உட்கார்ந்தார். அந்தக் குறையும் இந்த நிறைவும் இரண்டும் நடந்த நாடு அது.

விசாரணையையும் பார்க்கலாம். அமர்வுக் காலங்கள்: பிப்ரவரி 15 முதல் மார்ச் 31, மே மாதம் முழுவதும், ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 30, நவம்பர் மாதம் முழுவதும். இந்தக் காலத்தின் வார நாளில் போங்கள். எந்த நாளில் வழக்கு என்பதை நீதிமன்ற இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்தில்தான் குற்றங்களுக்குப் பேர்போன ஹில்ப்ரோ பகுதி, நடந்து போகாமல் டாக்சியில் வாசலில் இறங்குங்கள், செல்போனைக் கையில் பிடித்துத் தெருவில் நிற்காதீர்கள். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம்; காலையில் கல் கொட்டடிகள் நடுக்கும், ஸ்வெட்டர் வேண்டும்.

டாக்சியை அனுப்பிவிடாமல் பிராம்ஃபோன்டெய்ன் கல்லறைக்கும் போங்கள், சில நிமிடத் தூரம். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, வெளியே வந்த சில நாளில் 1909 ஜூலை 6 அன்று இறந்த இளைஞர் நாகப்பனும், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த பதினாறு வயது தில்லையாடி வள்ளியம்மையும் அங்கே இருக்கிறார்கள். இப்போது தேசியகீதத்தின் முதல் பகுதியாக இருக்கும் பாடலை இயற்றிய ஈனோக் சொன்டோங்காவும் அதே மண்ணில்தான். பல பத்தாண்டுகள் அடையாளம் தெரியாமல் கிடந்த அவர் கல்லறை 1996இல்தான் நினைவுச் சின்னமானது. வாசலிலேயே மூன்று பெயரையும் சொல்லி வழி கேட்டுக்கொள்ளுங்கள், இடம் பெரியது.