தாக்குதல் நேரத்தில் எந்த மூச்சுச் சோதனை கைகொடுக்கும்?

ஆஸ்துமா கடுமையாகத் தாக்கும்போது ஒருவரை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்து, தோள்கள் ஏறி இறங்க, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். அவரிடம் போய் "பத்து விநாடி சீராக ஊதுங்கள்" என்று கேட்கலாமா? மூச்சுக்காற்றை ஆராயும் முறைகளை ஒப்பிடும்போது நான் முதலில் வைக்கும் கேள்வி இதுதான்.

அப்படி ஊதச் சொல்வது நைட்ரிக் ஆக்சைடு சோதனை. மூன்று முறைகளில் நன்கு வேரூன்றியது இதுவே. மூச்சுக்குழாயில் ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளை இரத்த அணு) சார்ந்த அழற்சி இருந்தால் வெளிவரும் காற்றில் இந்த வாயு கூடும். விநாடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற வேகம் மாறாமல் ஊத வேண்டும். நூறு கோடிப் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்று கருவி எண்ணாகக் காட்டும். அமெரிக்க மார்பு நோயியல் சங்கத்தின் 2011 வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு 25க்குக் கீழே குறைவு, 50க்கு மேல் அதிகம். குழந்தைகளுக்கு 20, 35. ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் எண் இறங்கும். புகைபிடித்தாலும் இறங்கும் என்பதுதான் சிக்கல். சளிக்காய்ச்சல் வந்தால் ஏறிவிடும். நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரிக்கு ஊதி முடித்த கையோடு அளந்தால் குறைத்துக் காட்டும்; ஆகவே இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஈசினோஃபில் சாராத ஆஸ்துமாவில் எண் சாதாரணமாகவே இருக்கலாம், ஆள் திணறிக்கொண்டிருப்பார்.

மூச்சைக் குளிர்வித்து நீராகச் சேகரிக்கும் முறை நோயாளியிடம் இவ்வளவு கேட்பதில்லை. குளிர்ந்த குழாய்க்குள் பத்து, பதினைந்து நிமிடம் இயல்பாக மூச்சு விட்டால் போதும். ஒன்றிரண்டு மில்லிலிட்டர் தெளிந்த நீர் சேரும். 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னை இன்னும் வியக்க வைக்கிறது: தாக்குதலில் இருந்தவர்களின் மூச்சுநீரில் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) சராசரி சுமார் 5.2, நலமாக இருந்தவர்களிடம் சுமார் 7.7. ஸ்டீராய்டு சிகிச்சைக்குப் பின் அது இயல்புக்குத் திரும்பியது. மூச்சுக்குழாய் அமிலமாகிறது என்பதை ஊசியோ குழாயோ உள்ளே நுழைக்காமல் கண்டார்கள்! ஆனால் அந்த நீரில் பெரும்பகுதி வெறும் நீராவிதான். நமக்கு வேண்டிய பொருள்கள் மிக நீர்த்துக் கிடக்கும். எச்சில் கலந்தால் கணக்கு கெடும். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை நீக்கி அளந்தோமா இல்லையா என்பதைப் பொறுத்துக்கூட பிஎச் மாறும். மருத்துவமனையில் அன்றாடச் சோதனையாக இது இடம்பிடிக்காததற்கு இவையே காரணம்.

மூன்றாவது, எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். 1971இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு மூச்சில் சுமார் 250 சேர்மங்களைக் கண்டது. இன்று 'மின்மூக்கு' என்ற உணரிக் கருவி அவற்றின் மொத்தச் சாயலைப் படிக்கிறது. வருங்காலம் இதற்கு உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் அறையின் காற்றும் சாப்பிட்ட உணவும் அந்தச் சாயலுக்குள் நுழைந்துவிடுகின்றன.

தாக்குதலுக்கு முந்தைய நாள்களை ஆராய வேண்டுமானால் நான் நைட்ரிக் ஆக்சைடையே எடுப்பேன். அதுவும் ஒற்றை அளவாக அல்ல, அதே ஆளிடம் அடிக்கடி எடுத்து, அவருடைய வழக்கமான எண்ணிலிருந்து எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பேன். தாக்குதல் நடக்கும்போதே என்றால் மூச்சுநீர்தான், அதுவும் சிகிச்சையை ஒரு நிமிடம்கூடத் தாமதப்படுத்தாமல். எதை எடுத்தாலும், கடைசியாக ஸ்டீராய்டு கொடுத்த நேரத்தை மாதிரியின் மீதே எழுதிவிட வேண்டும். அது இல்லாவிட்டால், பிறகு அளப்பது நோயையா மருந்தையா என்று யாராலும் சொல்ல முடியாது.