180 வெள்ளி கட்டி ரோல்பிளே ஆடப் போறவங்க, இதைப் படிச்சிட்டுப் போங்க

வயிறு எரியுது, அதனால சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். எழுத்திலேயே வேடம் கட்டி ஆடும் ஆட்டத்துக்குக் காசு வாங்கும் ஒரு சாட் சர்வர். பெயர் வேண்டாம். பன்னிரண்டு அமர்வு, அமர்வுக்கு 15 வெள்ளி, மொத்தம் 180 வெள்ளி பேநவ்வில் (சிங்கப்பூரில் கைபேசி எண்ணுக்கே உடனடியாகப் பணம் அனுப்பும் வழி) முன்பணம். முதல் அமர்விலேயே என் கதாபாத்திரத்தைக் கள்ளாட்டம் ஆடித் தீர்த்துக்கட்டிவிட்டார்கள்.

நம்ப வைத்தது அவர்களின் விதிப்பக்கம்தான். களம் நாகப்பட்டினம், ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பிய 1025. யாராவது சமையலில் மிளகாய், தக்காளி என்று எழுதினால் பதிவு அழிக்கப்படும், அதெல்லாம் போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது என்று போட்டிருந்தார்கள். குதிரையில் போனால் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர். காயம் பட்டால் ஆட்டக் கணக்கில் பத்து நாள் படுக்கை. தாக்குகிறவர் முயற்சியை மட்டும் எழுதணும். பட்டதா, தப்பித்ததா என்பதை எதிராளிதான் எழுதுவார். ஒத்துவராவிட்டால் பொது அறையில் பாட் (தானாக இயங்கும் நிரல்) இருபது முகப் பகடையை உருட்டும். செத்தால் செத்ததுதான், மறு உயிர் கிடையாது. மிளகாய்க்கே இவ்வளவு கறாரா என்று படித்த கையோடு 180 வெள்ளி போய்ச் சேர்ந்தது.

என் வேடம் சுங்கக் கணக்கன். ஓர் ஓலையை நாகையில் இருந்த பௌத்த மடமான சூளாமணி விகாரத்துப் படிக்கல்லுக்கு அடியில் ஒளித்ததை ஆட்டத்தை நடத்தும் ஜிஎம்முக்குத் தனிச் செய்தியில் மட்டும்தான் எழுதினேன். பொது அறையில் ஒரு வரி இல்லை. காலையில் தஞ்சாவூர்ச் சந்தையில் நிற்பதாகப் பதிவு போட்ட ஜிஎம்மின் கூட்டாளி, அதே ஆட்ட நாள் மாலையில் நேராக அந்தப் படிக்கல்லில் வந்து நிற்கிறார்! தஞ்சைக்கும் நாகைக்கும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். குதிரைக்கு இறக்கை முளைத்தது ஒரு பக்கம், ஓலை இருக்கும் இடத்தை அவர் பாத்திரத்துக்கு யார் சொன்னது?

அடுத்து அவர் எழுதியது இது: “பின்னால் வந்து கழுத்தை அறுத்தேன். கணக்கன் சத்தமில்லாமல் சரிந்தான்.” அவர்கள் விதிப்படியே “கத்தியோடு பாய்கிறேன்” என்பதோடு நிறுத்தியிருக்கணும். அறுத்ததையும் அவரே எழுதி, என் பாத்திரம் கத்தவில்லை என்பதையும் அவரே எழுதிவிட்டார். பகடை எங்கே என்றால் ஜிஎம், “உருட்டியாச்சு ப்ரோ, 20 விழுந்துச்சு.” பாட் உருட்டினால் அந்த பாட் பெயரிலேயே, எத்தனை முகம், என்ன எண் என்று நேரத்தோடு செய்தி விழும். அறையில் அப்படி ஒன்றுமே இல்லை. கையால் அடித்த 20 எல்லாம் பகடையா?

ஜிஎம்மிடம் பணத்தைக் கேட்டதும் “பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார். அப்புறம் மாடரேட்டர் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம், வரட்டுமாம். அப்புறம் “ஆட்டம்னா சாவும் வரும் ப்ரோ, புதுப் பாத்திரம் போடுங்க, பாதி விலைக்குத் தர்றேன்.” அதாவது 180 போனது போதாது, இன்னும் 90 கட்டணும்! விதிப்பக்கத்தை எடுத்து ஒட்டியதும் என்னை பிளாக் செய்துவிட்டார். அதற்குள் சுங்கக் கணக்கன் இடம் காலி, 180 வெள்ளி என்று விளம்பரம்.

வங்கியைக் கேட்டால், போய்ச் சேர்ந்த பேநவ் பணத்தை வாங்கியவர் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது என்கிறார்கள். சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் வந்தால் எடுத்துக்கொள்ளும். ஆனால் யார் மேல் போடுவது? பேநவ்வில் தெரிந்தது ஏதோ ஒரு செல்லப்பெயர், முகவரி கிடையாது.

என்ன பார்க்கணும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பணம் அமர்வுக்கு அமர்வு மட்டும் கொடுங்கள். ரகசிய உருட்டு என்று ஜிஎம் சொன்னால், அதுவும் பாட் மூலம் பதிவாகுமா, ஆட்டம் முடிந்ததும் காட்டுவாரா என்று முதலிலேயே கேளுங்கள். பாத்திரம் செத்தால் மீதி அமர்வுப் பணம் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விதிப்பக்கத்தையும் தனிச் செய்திகளையும் அன்றன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிளாக் ஆன பிறகு சர்வருக்குள்ளேயே போக முடியாது. மோசடியோ என்று சந்தேகம் வந்தால் பணம் கட்டுமுன் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அடித்துக் கேளுங்கள்.