சூடாகாத வால்வு: காரைக்குடியில் பழைய ப்ரீஆம்ப் வாங்குவோர் கவனத்துக்கு

சென்ற மாதம் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் 38,000 ரூபாய் கொடுத்து வால்வு ப்ரீஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கினேன். இசைத்தட்டின் மெல்லிய ஒலிச்சைகையைப் பெருக்கிச் சீராக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பெட்டி அது; அந்த வேலையைச் செய்பவை வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்கள். அதில் ஒரு வால்வுகூட வேலை செய்யவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் தூண், கதவு, பீங்கான் வாங்க வருகிறவர்கள் இப்போது ஒலிக்கருவிகளையும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் வீடு பள்ளத்தூரில். அப்பச்சி சேர்த்துவைத்த இசைத்தட்டுகள் இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கின்றன. பெரும்பாலும் நாகஸ்வரம்: ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம். அவற்றை அந்தக் காலத்துக் கருவியிலேயே கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடைக்காரர் எடுத்து வைத்தது குவாட் 22. இங்கிலாந்தில் ஹண்டிங்டன் ஊரில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த ஸ்டீரியோ கருவி. "பினாங்கிலிருந்து வந்தது ஐயா, பெரிய வீட்டுச் சாமான்" என்றார். மேல்மூடியைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். உள்ளே செம்மஞ்சள் ஒளி. உடனே பாட்டும் வந்தது.

அந்த 'உடனே'யைத்தான் நான் கவனிக்கத் தவறினேன். வால்வுக்குள் இழை சூடேறிய பிறகுதான் ஒலி பிறக்கும். பத்து, இருபது விநாடி பிடிக்கும். வால்வு ரேடியோ முன்னால் உட்கார்ந்து செய்திக்குக் காத்திருந்த தலைமுறைக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மதுரையில் வால்வு செட் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். சுவிட்சைப் போட்டுச் சற்று நேரம் கழித்து அவர் வால்வின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. அடித்தகட்டைத் திறந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. வால்வு சாக்கெட்டுகளின் அடியில் சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குகள். ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் ஐசி எனும் மின்னணுச் சில்லு பதித்த பலகை, பாடியது அதுதான். செருகியிருந்தவை இழை அறுந்த செத்த வால்வுகள். பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: குவாட் 22-க்குள் மின்சாரம் வழங்கும் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வால்வு இழைக்கான மின்சாரமும் உயர் மின்னழுத்தமும் குவாட் 2 என்ற அதன் ஜோடி ஆம்ப்ளிஃபையரிலிருந்து கேபிள் வழியாக வர வேண்டும். அது இல்லாமல் தனியாகப் பாடிக் காட்டினாலே சந்தேகப்பட வேண்டும்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. அது போலிப் பெட்டி அல்ல, அசல். அதிலிருந்த இ.எஃப் 86, இ.சி.சி 83 வால்வுகளைப் பிடுங்கித் தனியே விற்றிருக்கிறார்கள்; முல்லார்ட் நிறுவனத்தின் பழைய வால்வுகளுக்கு வெளியில் நல்ல விலை. பழுதுபார்த்தால் பாடியிருக்கக்கூடிய ஒன்றை அறுத்துக் கூடாக்கிவிட்டார்கள். வீட்டை இடித்துத் தேக்குத் தூணை மட்டும் விற்பதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இதுவும் அதே வேலைதான்.

இந்தக் காலத்துக் கருவிகளுக்கு முன்னால் பழைய வால்வு நிற்குமா என்ற கேள்விக்கு அந்தப் பெரியவர் வீட்டில் விடை கிடைத்தது. கண்டன்சர்களை மாற்றி, நாளடைவில் மின்தடை அளவு ஏறிப்போன ரெசிஸ்டர்களை மாற்றிச் சீராக்கிய குவாட் 22 ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் அப்பச்சியின் தட்டைப் போட்டோம். அடியில் மெல்லிய இரைச்சல் உண்டு. புதிய கருவியில் அது அறவே இல்லை. ஆனால் நாகஸ்வரத்தின் அந்தக் கனம், சீவாளியின் உரசல், எதிலும் குறை சொல்ல முடியவில்லை. சி.டி. பிளேயரை இணைத்ததும் கதை மாறியது. அது இரண்டு வோல்ட் வரை தள்ளுகிறது. பழைய கருவியோ அதில் சிறு பங்கை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. இடையில் அளவைக் குறைக்க ஏற்பாடு செய்யாவிட்டால் ஒலி கரகரக்கும். இசைத்தட்டுக்கு மட்டும் என்றால் வாங்கலாம், அதுவும் யார் எப்போது சீர்செய்தார் என்று சொல்ல முடிகிற கருவியாக இருந்தால்.

வாங்கப் போகிறவர்கள் குளிர்ந்த நிலையிலிருந்து போடச் சொல்லி விநாடிகளை எண்ணுங்கள். பத்து நிமிடம் கழித்து வால்வுக்கு அருகில் கையைக் கொண்டுபோங்கள், வெம்மை தெரியும். பென்சிலால் கண்ணாடியை மெல்லத் தட்டினால் பல வால்வுகள் ஸ்பீக்கரில் லேசாகவாவது 'டங்' என்னும். அடித்தகட்டைக் கடைக்காரரையே திறக்கச் சொல்லுங்கள். அசல் கருவியில் ஏறத்தாழ 300 வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் கண்டன்சரில் தங்கும். நீங்கள் கை வைக்காதீர்கள். ரசீதில் கருவியின் பெயரையும் 'இயங்கும் நிலையில்' என்பதையும் எழுதி வாங்குங்கள்.

என் ரசீதில் 'பழைய அலங்காரப் பெட்டி 1' என்று இருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் அந்த வரியைத்தான் விரலால் காட்டினார். அவருக்குப் பின்னால், அதே மேசையில், மூடி கழற்றிய இன்னொரு பெட்டி செம்மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.