குடல் அழற்சிக்கு மஞ்சளா, அவுரியா, நிலவேம்பா?

குடல் அழற்சி நோய் என்ற ஒரே பெயருக்குள் முக்கியமாக இரண்டு நோய்கள் இருக்கின்றன. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலின் உட்படலத்தோடு நின்றுவிடும். கிரோன்ஸ் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரை ஆழமாகவும் அரிக்கும். யார் எந்த மூலிகையைச் சொன்னாலும், முதலில் "இது எந்த நோய்க்கு?" என்று கேளுங்கள். இங்கே வரும் நல்ல முடிவுகள் எல்லாம் கோலைட்டிசில் கிடைத்தவை.

மஞ்சளில் உள்ள குர்குமினிலிருந்து தொடங்கலாம். இது உடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை என்பது இதன் மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு. ஆனால் கோலைட்டிசில் புண் இருப்பதே பெருங்குடலின் உட்பக்கத்தில்தான். ரத்தத்தில் கலக்காமல் மிஞ்சுவது நேராக அங்கே போய்ச் சேருகிறது. 2006-ல் ஜப்பானில் 89 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்குமின் எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் நோய் திரும்பியது சுமார் 5% பேருக்கு. வெற்று மாத்திரை (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தில்லாத மாத்திரை) எடுத்தவர்களில் சுமார் 20% பேருக்கு. 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில், கோலைட்டிசுக்கு வழக்கமாகத் தரும் மெசலமைன் மருந்து மட்டும் போதாத 50 பேர் இருந்தார்கள். அதோடு 3 கிராம் குர்குமின் சேர்த்ததும் ஒரே மாதத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவருக்குக்கூட அடங்கவில்லை.

இதில் அளவு முக்கியம். மஞ்சள் தூளில் குர்குமின் 3% அளவில்தான் இருக்கும். 2 கிராம் குர்குமினைத் தூளாகச் சாப்பிட்டு எட்ட முடியாது. தினம் 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலனே தெரியவில்லை. உறிஞ்சுதலைக் கூட்டுவதற்காக மிளகின் பைப்பரின் சேர்த்த மாத்திரைகளை இந்த நோய்க்கு நான் விரும்பமாட்டேன். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த சிலர் எடுத்தது அந்த வகைதான். குர்குமின் இரும்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேகத்தில் குர்குமினை மிஞ்சுவது அவுரி. அவுரி போன்ற நீலச் சாயச் செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் பொடியைச் சீன மருத்துவத்தில் சிங் தாய் என்பார்கள். 2018-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 86 பேர் இருந்தார்கள். எட்டு வாரத்தில், அளவைப் பொறுத்து 70 முதல் 81% பேருக்கு முன்னேற்றம். வெற்று மாத்திரையில் வெறும் 14%. மூலிகை ஆய்வுகளில் இப்படியொரு இடைவெளி அபூர்வம். இதன் சேர்மங்கள் செல்லுக்குள் இருக்கும் ஏ.எச்.ஆர். என்ற ஏற்பியைத் தூண்டி, குடலின் உட்படலத்தை ஆற்றும் இன்டர்லூகின்-22 என்ற புரதத்தைச் சுரக்க வைக்கின்றன.

ஆனால் அந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கு வெளியே, தானே இந்தப் பொடியை வாங்கிச் சாப்பிட்ட ஒருவருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியதுதான் காரணம். அது இதயத்தையே தளரவைக்கும் கோளாறு. மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டிய பொருள் இது. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் இதைத் தொடவே கூடாது என்பேன்.

அடுத்தது நிலவேம்பு. இதன் கதை எனக்கு வருத்தம் தருவது. 224 பேரிடம் நடந்த ஆய்வில் தினம் 1,800 மில்லிகிராம் சாறு எடுத்தவர்களில் 60% பேருக்கு முன்னேற்றம் வந்தது. பெரிய நம்பிக்கையோடு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். இடைக்கணக்கில் பலன் தெரியாததால் அது நிறுத்தப்பட்டது. முதல் ஆய்விலேயே ஒரு எச்சரிக்கை இருந்தது: வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 40% பேர் முன்னேறியிருந்தார்கள். இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். ஒருவர் "குடித்தேன், சரியாகிவிட்டது" என்று உண்மையாகவே சொன்னாலும், அதை வைத்து முடிவெடுக்க முடியாதது இதனால்தான்.

மற்றவை சுருக்கமாக. போஸ்வெல்லியா மரப்பிசின், கிரோன்ஸ் அடங்கியவர்களிடம் ஓராண்டு சோதித்ததில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. சோற்றுக் கற்றாழை ஜெல்லுக்கு 44 பேரிடம் நடந்த ஒரு சின்ன ஆய்வு சாதகமாக வந்தது, அவ்வளவுதான். கிரோன்சுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் குர்குமினும் நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? லேசான அல்லது நடுத்தர கோலைட்டிஸ், மெசலமைன் எடுத்தும் முழுசாக அடங்கவில்லை என்றால், குர்குமினைச் சேர்த்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயம். சேர்த்துப் பார்ப்பது என்றுதான் சொல்கிறேன். மேலே சொன்ன குர்குமினின் இரண்டு நல்ல முடிவுகளிலும் யாரும் பழைய மருந்தை நிறுத்தவில்லை. தொடங்கும் முன் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவைப் பார்த்து வையுங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். வயிறு லேசாக இருப்பதாகத் தோன்றினாலும், ஏறியிருந்த அந்த எண் இறங்கவில்லை என்றால் உள்ளே புண் பெரும்பாலும் ஆறியிருக்காது.