சான் ஜிமிஞானோ: கொலேஜியாத்தாவா, சாந்த் அகோஸ்தீனோவா?

இத்தாலியின் தஸ்கனி வட்டாரத்திலுள்ள இந்த மலையூருக்கு ஒரு மதியம் மட்டும் ஒதுக்கினால், நடுச்சதுக்கத்தின் கொலேஜியாத்தா தேவாலயத்தோடு திரும்பிவிடுவோர் அதிகம். 1148இல் அருட்பொழிவு பெற்றது அது. இடச்சுவரில் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டு ஓவியங்கள், வலச்சுவரில் புதிய ஏற்பாட்டு ஓவியங்கள். சீட்டு வாங்கித்தான் நுழைய முடியும்.

வடக்குக் கோடியில், சான் மத்தேயோ வாசலருகே சாந்த் அகோஸ்தீனோ தேவாலயம். 13ஆம் நூற்றாண்டின் எளிய செங்கல் கட்டடம். ஆனால் பீடத்தின் பின்னால் ஓவியர் பெனோத்ஸோ கொத்ஸோலி தீட்டிய புனித அகுஸ்தீனார் வாழ்க்கை, 17 காட்சிகள்!

இரண்டிலும் கொத்ஸோலி வரைந்த செபஸ்தியார் உண்டு; கொள்ளைநோயிலிருந்து காப்பவராக மக்கள் வேண்டிய புனிதர் இவர். கொலேஜியாத்தாவில் உடலெங்கும் அம்பு தைத்திருக்கிறது. 1464 கொள்ளைநோயின்போது அகோஸ்தீனோவில் வரைந்ததிலோ, புனிதர் முழு உடையில் நிற்கிறார். வானதூதர் விரித்த மேலங்கியில் பட்டு அம்புகள் முறிகின்றன, அதன் அடியில் ஊர்மக்கள். ஒன்றுக்குத்தான் நேரமென்றால் அகோஸ்தீனோவுக்கே போங்கள்.