ஜப்பான் முதியோர் இல்லத்துல இன்டர்ன்ஷிப்: இல்லத்துக்கு 4 ஸ்டார், அனுப்புன ஏஜென்சிக்கு 2

எம்எஸ்டபிள்யூ, பிஎஸ்டபிள்யூன்னு சோஷியல் வொர்க் டிகிரி படிக்கிறவங்க யாராவது "ஜப்பான்ல முதியோர் இல்லத்துல இன்டர்ன்ஷிப், சர்டிபிகேட் உண்டு"ன்னு விளம்பரம் பாத்துட்டு பணம் கட்டலாமா வேணாமான்னு மண்டைய பிச்சிட்டு இருந்தீங்கன்னா, கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க. நான் போய்ட்டு வந்தாச்சு. ஏஜென்சி பேரும் போடல, இல்லத்து பேரும் போடல, கேட்டாலும் சொல்ல மாட்டேன். சுருக்கமா சொல்லணும்னா, வயசானவங்கள எப்படி பாத்துக்கறதுன்னு கத்துக்க செம்ம இடம், ஆனா சோஷியல் வொர்க் கத்துக்கணும்னா அத யாரும் தட்டுல வச்சி தர மாட்டாங்க, நாமளே கேட்டு கேட்டு வாங்கணும்.

முதல்ல ஏஜென்சி கதைய முடிச்சிடறேன், ஏன்னா கோவம் இன்னும் ஆறல. இவங்க ஆபீஸ்ல பேசுனா ஸ்டூடன்ட் இன்டர்ன்ஷிப்பையும், வேலைக்கு ஆள் எடுக்கற டெக்னிக்கல் இன்டர்ன் திட்டத்தையும் ஒண்ணா போட்டு கலக்கி பேசுவாங்க. ரெண்டும் சம்பந்தமே இல்லாத வேற வேற விஷயம். அந்த டெக்னிக்கல் இன்டர்ன் திட்டத்துல முதியோர் பராமரிப்ப 2017 நவம்பர்லதான் சேத்தாங்க, அது வருஷக்கணக்குல அங்கயே இருந்து செய்யற வேலை, அந்த திட்டத்தையே மாத்தி 2027ல புதுசு கொண்டு வரதா 2024ல சட்டமும் போட்டுட்டாங்க. நம்ம விஷயம் வேற, காலேஜ்ல படிச்சிட்டு இருக்கும்போதே போறது. சம்பளம் இல்லாம 90 நாளுக்குள்ளன்னா குறுகிய கால விசா, சம்பளம் இல்லாம அதுக்கு மேல இருக்கணும்னா கல்ச்சுரல் ஆக்டிவிட்டீஸ் விசா, இல்லத்துல சம்பளம் குடுத்தாங்கன்னா டெசிக்னேட்டட் ஆக்டிவிட்டீஸ் விசா, இந்த கடைசி வகைக்கு உங்க காலேஜும் அந்த இல்லமும் ஒப்பந்தம் போட்டிருக்கணும், அது உங்க படிப்புல கிரெடிட்டா சேரணும். இத ஏஜென்சி கவுன்சிலர்ட்ட கேட்டா "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம், நீங்க பாஸ்போர்ட் மட்டும் குடுங்க"ன்னாங்க. எந்த விசான்னு தெளிவா எழுதி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. தயவு செஞ்சு வாய் வார்த்தைய நம்பாதீங்க.

மொழி கிளாஸ்னு ஒண்ணு வச்சாங்க, எழுத்தும் வணக்கம் நன்றியும் சொல்லி குடுத்தாங்க, அவ்வளவுதான். அங்க போனா தாத்தா பாட்டிங்க பேசறது அந்த ஊரு வட்டார பேச்சு, பாதி பேருக்கு பல்செட்ட கழட்டிட்டா இன்னும் புரியாது. வலிக்குது, தண்ணி, பாத்ரூம் போகணும், குளிருது, வேணாம் இந்த அஞ்சாறையாவது பல விதமா கேட்டு பழகிட்டு போங்க.

இப்ப இல்லம். நாகானோ பக்கம் மலையடிவாரத்துல சின்ன ஊரு, ஜப்பான்ல தொகுயோன்னு சுருக்கமா சொல்ற வகை இல்லம். ரொம்ப முடியாதவங்களுக்கான இடம் இது. அங்க 2000 ஏப்ரல்ல இருந்து நீண்டகால பராமரிப்பு காப்பீடுன்னு ஒரு திட்டம் ஓடுது, 40 வயசு ஆனா எல்லாரும் பிரீமியம் கட்டணும், வயசான காலத்துல உதவி தேவைப்பட்டா ஆள் வந்து பாத்து எவ்வளவு முடியலன்னு 7 படியில ஒண்ணு குடுப்பாங்க, லேசான உதவி தேவைன்னு 2 படி, பராமரிப்பு தேவைன்னு 5 படி. சேவைக்கு ஆகற செலவுல பெரும்பாலானவங்க 10 சதவீதம் கையில இருந்து கட்டுவாங்க, வருமானம் அதிகம் இருந்தா 20 இல்ல 30. தொகுயோவுல 2015க்கு அப்பறம் பராமரிப்பு படி 3, இல்ல அதுக்கும் மேல இருக்கறவங்களத்தான் பொதுவா எடுக்கறாங்க. அதனால நீங்க பாக்கப்போறவங்க எல்லாருமே கிட்டத்தட்ட வீல்சேர், இல்ல மறதி நோய், இல்ல ரெண்டும். ஏஜென்சி போஸ்டர்ல சிரிச்சிட்டே பூந்தொட்டிக்கு தண்ணி ஊத்தற பாட்டி போட்டோ இருந்துச்சு, அப்படி ஒருத்தர நான் கடைசி வரைக்கும் பாக்கல.

இல்லம் யூனிட் யூனிட்டா பிரிச்சிருக்கும், ஒரு யூனிட்ல ஏறக்குறைய 10 பேர், ஆளுக்கொரு ரூம், நடுவுல எல்லாரும் உக்காந்து சாப்பிட ஒரு கூடம். எனக்கு இந்த அமைப்பு ரொம்ப புடிச்சுது. பெரிய ஹால்ல வரிசையா கட்டில் போட்டு வச்சிருக்கற இல்லங்கள ஃபீல்டு வொர்க்ல பாத்த கண்ணுக்கு இது வேற உலகம். அவங்கவங்க வீட்டுல இருந்து கொண்டு வந்த அலமாரி, இறந்து போன புருஷனோட போட்டோ, பழைய கடிகாரம்னு ரூமே அவங்கள மாதிரி இருக்கும்.

அங்க எனக்கு வேலை சொல்லி குடுத்தது இந்தோனேசியாவுல இருந்து வந்த ஒரு அக்கா. இந்தோனேசியாவுல இருந்து 2008லயே ஒப்பந்தம் போட்டு ஆட்கள எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க, இந்த அக்கா பல வருஷம் முன்னாடி அந்த வழியில வந்து, ஜப்பானிய மொழியிலயே தேசிய பராமரிப்பாளர் பரீட்சை எழுதி பாஸ் பண்ணவங்க. முதல் பாடம் சட்டை போடறது. சிரிக்காதீங்க. பக்கவாதம் வந்து வலது கை வராத ஒரு தாத்தா, அவருக்கு கழட்டும்போது நல்லா இருக்கற கைய முதல்ல வெளிய எடுக்கணும், போடும்போது முடியாத கைய முதல்ல உள்ள விடணும். அதுலயும் முடியாத கைய வெளிய இருந்து தள்ளக்கூடாது, நம்ம கைய சட்டை கை நுனி வழியா உள்ள விட்டு, அவரு விரல எல்லாம் சேத்து புடிச்சி, துணிய அவரு தோள் வரைக்கும் ஏத்தணும். மாத்தி செஞ்சா தோள்பட்டைய இழுத்து வலிக்க வச்சிடுவோம். அக்கா சொன்னாங்க, "அவரு இடது கையால செய்யக்கூடியத நீ செய்யாத, பட்டன் அவரு போடட்டும்." பட்டன் போட அவருக்கு ரொம்ப நேரம் ஆகும். மத்த வேலை எல்லாம் குவிஞ்சு கிடக்க, அத நின்னு பாத்துட்டு இருக்கறதுதான் இந்த வேலையிலயே கஷ்டமான பகுதின்னு எனக்கு தோணுது. கை பரபரங்கும்.

சாப்பாடு ஊட்டறதும் அப்படித்தான். நின்னுட்டு ஊட்டவே கூடாது, நின்னா அவங்க தலைய தூக்குவாங்க, தூக்குனா புரையேறும். பக்கத்துல அதே உயரத்துல உக்காந்து, ஸ்பூன கீழ இருந்து கொண்டு போயி, முழுங்கிட்டாங்களான்னு தொண்டைய பாத்துட்டுதான் அடுத்த வாய். டீ, தண்ணி எல்லாத்துலயும் பவுடர் கலந்து கெட்டியா ஆக்கிடுவாங்க, தண்ணியா இருந்தா சீக்கிரமா தொண்டைக்குள்ள ஓடி நுரையீரலுக்கு போயிடும்னு. குளியல் பொதுவா வாரத்துக்கு ரெண்டு தடவையாவது இருக்கும், உக்கார முடியாதவங்கள படுக்க வச்சபடியே தொட்டியில இறக்கற மெஷின் இருக்கு. அந்த சுடுதண்ணியில கழுத்து வரைக்கும் இறங்குனதும், மத்த நேரமெல்லாம் திட்டிட்டே இருக்கற ஒரு பாட்டி அப்படியே அமைதியாயிடுவாங்க. வெளிய எடுத்ததும் திரும்ப திட்டு.

இதெல்லாம் சரி, நான் போனது சோஷியல் வொர்க் படிக்க. இங்கதான் பிரச்சனை. ஆள் பத்தாக்குறை, அதனால இன்டர்ன்னு ஒருத்தி வந்தா ரெண்டு கை கூடுதல்னுதான் எல்லாரும் பாப்பாங்க, அவங்கள குறை சொல்லவும் முடியாது. ஆனா அங்க ஒவ்வொரு தொகுயோவுலயும் வாழ்க்கை ஆலோசகர்னு ஒரு பதவி இருக்கு, 100 பேருக்கு குறைஞ்சது ஒருத்தர்னு விதி. நம்ம படிப்புக்கு அங்க உள்ள சீட்டு அதுதான். புதுசா யார சேக்கறதுன்னு பாக்கறது, குடும்பத்தோட பேசறது, புகார் கேக்கறது, நகராட்சியோட பேசறது, சொந்தபந்தம் யாரும் இல்லாதவங்களுக்கு பாதுகாவலர் ஏற்பாடுன்னு எல்லாம் அவங்க மேசையிலதான். நான் பாட்டுக்கு டயப்பர் தள்ளுவண்டி தள்ளிட்டு இருந்தேன், அவங்க ரூம் கதவு எதிர்ல இருந்துச்சு. ஏஜென்சிட்ட கேட்டா "இது ஹேண்ட்ஸ் ஆன் புரோகிராம்"னு பதில். கடைசியில எங்க டிபார்ட்மென்ட் மேடம் ஃபீல்டு வொர்க் நோக்கம் என்னன்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போட்ட பிறகுதான் வாரத்துல ரெண்டு மத்தியானம் அந்த ஆலோசகரோட உக்கார விட்டாங்க.

அந்த மத்தியானங்களுக்காகத்தான் 4 ஸ்டார். ஒரு கூட்டம் சொல்றேன். ஒரு பாட்டி ராத்திரியில கட்டில விட்டு எந்திரிச்சி கீழ விழுந்துட்டாங்க, அடி பெருசா இல்ல. பையன் வந்து உக்காந்து, கட்டில சுத்தி நாலு பக்கமும் தடுப்பு போடுங்கங்கறாரு. "விழுந்து இடுப்பு உடைஞ்சா யாரு பொறுப்பு?" நியாயமான பயம்தானே. ஆனா அங்க 2000ல இருந்து உடம்ப கட்டுப்படுத்தறது பொதுவா தடை, இறங்க முடியாதபடி கட்டில சுத்தி தடுப்பு வைக்கறதும் அதுல சேரும், உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து, வேற வழியே இல்ல, கொஞ்ச காலத்துக்கு மட்டும் இந்த மூணும் பொருந்துனா மட்டும்தான் விதிவிலக்கு. ஆலோசகர் சட்டத்த எடுத்து வீசல. "அம்மா வீட்டுல இருக்கும்போது ராத்திரி எத்தன மணிக்கு எந்திரிப்பாங்க?"ன்னு கேட்டாரு. பையனுக்கு தெரியல, மருமக சொன்னாங்க, ரெண்டு மணி வாக்குல பாத்ரூம் போவாங்கன்னு. இல்லத்து பதிவேட்ட பொரட்டுனா விழுந்ததும் கிட்டத்தட்ட அந்த நேரம்தான். கட்டில தரையோட தரையா இறக்கி, பக்கத்துல மெத்த போட்டு, ஒன்றரை மணிக்கே நைட் ஸ்டாஃப் போயி பாத்ரூம் கூட்டிட்டு போறதுன்னு முடிவாச்சு, கொஞ்ச வாரம் கழிச்சு திரும்ப உக்காந்து பேசலாம்னு தேதியும் குறிச்சாங்க. அக்கா பக்கத்துல உக்காந்து எனக்கு காதுல சொல்லிட்டே இருந்தாங்க. தடுப்புக்கு பதிலா ஒரு கேள்வி, அவ்வளவுதான் நடந்துச்சு. கேஸ் வொர்க் புக்ல அசெஸ்மென்ட்னு, அதாவது ஒருத்தரோட நிலைமைய கேட்டு புரிஞ்சிக்கறதுன்னு நெட்டுரு போட்டத நேர்ல பாத்தது அன்னிக்குதான்.

குறைகளும் இருக்கு. தினமும் நாள் முடிஞ்சதும் குறிப்பேடு எழுதணும், என்ன செஞ்சேன்னு எழுதுனா போதாது ஏன் செஞ்சேன்னு கேட்டு செவப்பு மையில திருப்பி விடுவாங்க, அது நல்லதுதான், ஆனா மொழிபெயர்ப்பு ஆப் வச்சி எழுதறதுக்குள்ள தூக்கம் சொக்கும். யாரும் நேரா "வேணாம்"னு சொல்ல மாட்டாங்க, முகத்த பாத்து நாமளே புரிஞ்சிக்கணும். குளிர்காலத்துல போனா தங்கற ரூம் ஐஸ் பெட்டி, ஹீட்டர் கரண்ட் பில் யாரு கட்டறதுன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. அப்பறம் இறப்பு. கடைசி நாட்கள ஆஸ்பத்திரியில இல்லாம இல்லத்துலயே கழிக்கற வசதி நிறைய தொகுயோவுல இருக்கு, நாம காலையில ஊட்டி விட்டவங்க அடுத்த வாரம் இருக்க மாட்டாங்க. ஸ்டாஃப் எல்லாம் வரிசையா நின்னு முன் வாசல் வழியாத்தான் அனுப்பி வைப்பாங்க, பின் வாசல் வழியா இல்ல. அதுக்கு அப்பறம் ஸ்டாஃப் கூடி என்ன செஞ்சிருக்கலாம்னு பேசுவாங்க, அதுல என்னையும் உக்கார வச்சாங்க, நல்ல விஷயம். ஏஜென்சி ஓரியன்டேஷன்ல இதப்பத்தி ஒரு வார்த்த கிடையாது, ஆனா விமான நிலையத்துல பேனர் புடிச்சி நிக்கறதுக்கு மட்டும் தனி ஸ்லைடு.

அதே ஏஜென்சி தாத்தா பாட்டிங்களோட ரீல்ஸ் எடுத்து அனுப்புங்கன்னு மெசேஜ் மேல மெசேஜ். இல்லத்துல சேரும்போதே ரகசியம் காப்பேன்னு கையெழுத்து வாங்கிட்டுதான் உள்ள விட்டாங்க. மறதி நோய் இருக்கறவங்கள்ட்ட சம்மதம் வாங்கிட்டேன்னு யாரு சொல்ல முடியும்? முடியாதுன்னுட்டேன். அதுக்கு அப்பறம் சர்டிபிகேட் வர ரொம்ப லேட்டாச்சு, காரணம் நீங்களே யூகிச்சிக்கோங்க.

போறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா, ஆலோசகரோட எத்தன நாள், ஒவ்வொருத்தர எப்படி பாத்துக்கறதுன்னு முடிவு பண்ற கேர் பிளான் கூட்டத்துல உக்கார விடுவாங்களா, சூப்பர்வைசர் யாரு, அவங்க சோஷியல் வொர்க் படிச்சவங்களா இல்ல நர்ஸா, நைட் டூட்டி போடுவாங்களா, அடிபட்டா இன்சூரன்ஸ் யாருது, இதெல்லாம் பேப்பர்ல வாங்கிட்டு கட்டுங்க, முடிஞ்சா ஏஜென்சிய விட்டுட்டு உங்க காலேஜுக்கு நேரடி ஒப்பந்தம் இருக்கற இடமா பாருங்க. டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேப்பாங்க. நெஞ்சு எக்ஸ்ரே நான் எதிர்பாத்தேன், மல பரிசோதனை எதிர்பாக்கல, வயசானவங்களுக்கு கிருமி பரவிடக்கூடாதுன்னு அங்க அது சகஜமாம். போன மறுநாளே ஒரு குட்டி டப்பாவ கையில குடுத்து நாளைக்கு காலையில கொண்டு வாங்கன்னாங்க, ரிசல்ட் வர வரைக்கும் சாப்பாட்டு பக்கமே விடல, கூடத்துல உக்காந்து துண்டு மடிச்சிட்டு இருந்தேன். ஊர்லயே எடுத்துட்டு போனா ஒத்துக்குவாங்களான்னு இல்லத்துட்ட நேரா மெயில் போட்டு கேட்டுடுங்க.